கட்டைவிரலின் வாக்கு

பேச்சுவார்த்தை நான்கே வினாடியில் முடிந்துவிட்டது.

ஜெசிந்தா கொரைரா அப்போது தூத்துக்குடி விமான நிலையத்தில், விமானிகள் அறையில் உட்கார்ந்து ஆறிப்போன வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அறையில் இருந்த ஏழு பேரின் கைபேசிகளும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. திரையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். அதன் கீழே எழுத்துகள்.

"வாழ்த்துகள். உங்கள் நிகராளி உங்கள் சார்பில் நிர்வாகத்துடன் உடன்பாடு கண்டுள்ளது. இரவு ஓய்வு பத்து மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரமாக மாற்றப்படுகிறது. பதினைந்து நாளில் நடைமுறைக்கு வரும். படித்தேன் என்பதற்குப் பச்சையை அழுத்தவும்."

ஏழு பேரும் பச்சையை அழுத்தினார்கள். அழுத்தினால்தான் அந்தப் படம் திரையை விட்டுப் போகும். போனால்தான் வேறு யாரையாவது கூப்பிட்டுத் திட்ட முடியும்.

"எட்டு மணி நேரம்னா என்னக்கா அர்த்தம்?" என்றான் சந்தனமாரி. ஜெசிந்தாவின் துணை விமானி. மூன்று வருடமாக அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பறப்பவன். "சக்கரம் நின்னதுலருந்து மறுநாள் கையெழுத்து வரைக்கும் எட்டு. வீட்டுக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி, குளிக்க, சாப்பிட ஒரு மணி. மிச்சம் அஞ்சு. அதுவும் படுத்ததும் தூக்கம் வந்தாத்தான்."

"நம்ம சங்கம் நமக்காக எதுக்குப் பேசணும்? கம்பெனிக்காரன் பேசுனாலே போதுமே," என்றாள் ஜெசிந்தா. வடையைக் குப்பைக்கூடையில் போட்டாள். விரலில் ஒட்டிய எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தாள்.

கொற்கை வான்வழி நிறுவனத்தில் இரண்டு சாதி விமானிகள் உண்டு. சென்னையிலிருந்து லண்டனுக்கும் சிட்னிக்கும் பறக்கும் பெரிய வண்டிக்காரர்கள் ஒரு சாதி. சேலம், நெய்வேலி, தஞ்சாவூர், ராமநாதபுரம் என்று ஊருக்கு ஊர் தாவும் தட்டான்காரர்கள் இன்னொரு சாதி. தட்டான் என்பது பத்தொன்பது பேர் உட்காரும் மின்விமானம். ஒரு நாளைக்கு எட்டுத் தாவல். ஏறு, இறங்கு, மின்கலம் மாற்று, மறுபடி ஏறு. இரண்டு சாதிக்கும் சங்கம் ஒன்றுதான்.

முன்பெல்லாம் சங்கத்துக்கு மனிதர்கள் தலைவர்களாக இருந்தார்கள். நட்சத்திர விடுதியில் நிர்வாகத்தோடு மூன்று நாள் அறையடைத்துப் பேசுவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், தோளில் சால்வையோடு வெளியே வந்து மகத்தான வெற்றி என்று அறிவிப்பார்கள். வெற்றி எப்போதும் பெரிய வண்டிக்குத்தான் போய்ச் சேரும். அந்த அசிங்கத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் உறுப்பினர்களே கைதூக்கி நிகராளி என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். நிகராளிக்கு வயிறு கிடையாது, சால்வை போட்டுக்கொள்ளத் தோளும் கிடையாது. ஒவ்வொரு உறுப்பினரின் மனதையும் தனித்தனியாகக் கற்று வைத்துக்கொண்டு, நிர்வாகத்தின் பேரமாளி இயந்திரத்தோடு பேசும். இரண்டும் ஆயிரக்கணக்கான யோசனைகளைச் சொல்லி, மறுத்து, ஓர் இடத்தில் வந்து நிற்க நான்கு வினாடி போதும். இனி நம்மை யாரும் விற்க முடியாது என்று அன்று இனிப்பு வழங்கியவர்களில் ஜெசிந்தாவும் ஒருத்தி. இப்போது நினைத்தால் அவளுக்கு வாயெல்லாம் கசந்தது.

பத்து மணி நேரம் இருந்தபோதே நடந்த ஒன்று அவளுக்கும் மாரிக்கும் மட்டும் தெரியும். போன மாதம், மதியம் இரண்டு மணி, ஐந்தாவது தாவல். நாமக்கல்லுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது ஜெசிந்தா கண்ணை மூடினாள். மாரி அதற்கு முன்பே மூடியிருந்தான். தானோட்டி விமானத்தை அதன்பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுததில் அவள் விழித்தபோது, சேலத்துக்கு இறங்க வேண்டிய இடம் கடந்து வெகுதூரம் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் எதிரே மலை. வட்டமடித்து வந்து இறங்கினார்கள். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் எதிர்காற்று என்று எழுதினார்கள். படியில் நின்று பயணிகளை வழியனுப்பும்போது, அந்தக் குழந்தையின் தாய் "சத்தம் போட்டு உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டான், மன்னிச்சிக்கிடுங்க" என்றாள். ஜெசிந்தாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இனி எட்டு மணி நேரம். அடுத்த முறை குழந்தை அழாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் அவள் கேள்வி.

மறுநாள் விடுப்பு. சென்னைக்குப் போகும் முதல் தட்டானில் பயணியாக ஏறினாள்.

சங்கத் தலைமையகம் பல்லாவரத்தில் எட்டு மாடிக் கட்டடம். இயந்திரம் வந்த பிறகும் தலைவர் பதவி ஒழியவில்லை. கேப்டன் குருபிரசாத் பெரிய வண்டிக்காரர். அவர் விமானத்தில் இரண்டு பேர் ஓட்ட, மூன்றாமவர் படுக்க மெத்தை உண்டு. நன்றாகத் தூங்கி எழுந்த முகம் அவருக்கு, எப்போதும்.

"வாங்க ஜெசிந்தா. தூத்துக்குடில இருந்து வரீங்க, மக்ரூன் கொண்டுவரலையா?" என்று சிரித்தார். மேசைமேல் இருந்த முந்திரிக்கேக்குத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். ஏற்கனவே யாரோ கடித்து வைத்த துண்டு ஒன்று அதில் கிடந்தது.

"சார், பெரிய வண்டிக்கு ஓய்வு பன்னெண்டு மணி நேரம். அதுல ஒரு நிமிசம் கொறையல. எங்களுக்கு மட்டும் எப்படி எட்டாச்சு?"

"நான் எதையும் தொடலம்மா. தொடவும் முடியாது. அதுக்குத்தானே மெஷினே வாங்கினோம்."

"அப்ப மெஷின யாரு தொட்டா?"

"நீங்களே கேட்டுக்கோங்க. உறுப்பினர் யார் வேணா கேக்கலாம். ஆனா யாரும் வந்து கேட்டதில்ல, நீங்கதான் முதல்," என்று எதிரே இருந்த கண்ணாடி அறையைக் காட்டினார். பிறகு சந்தேகம் தீர்ந்தவரைப் போல ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கண்ணாடி அறையில் ஒரு நாற்காலி, ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான். கதவு மூடியதும் குரல் வந்தது.

"என்ன ஜெசி, சாப்பிட்டியா?"

அவள் திடுக்கிட்டாள். அது அவளுடைய குரல். தூத்துக்குடிப் பேச்சு, கடைசியில் லேசாக இழுக்கும் இழுவை உட்பட.

"எதுக்கு என் குரல்ல பேசுத?"

"நான் உன் நிகராளி. வேற குரல்ல ஒன் மனசச் சொன்னா ஒனக்கு நம்பிக்க வராது. கேளு, என்ன தெரியணும்?"

நாற்காலியை ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளிப் போட்டாள். இருந்தும் கேட்டாள். "எட்டு மணி நேரத்துக்கு நான் எப்பச் சம்மதிச்சேன்?"

"இருநூத்தி எழுவத்தாறு தடவ."

பறப்பதற்கு முன் ஒவ்வொரு நாளும் விமானி தகுதிப் பலகையில் விரல் வைக்க வேண்டும். சிலேட்டு அளவுத் திரை. போதிய ஓய்வு பெற்றேன், பறக்கத் தகுதியுடன் இருக்கிறேன் என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பை அழுத்தினால் விமானம் நிற்கும், விசாரணை வரும், மருத்துவர் வருவார், பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் கீழே போகும். அதனால் தட்டான்காரர்கள் யாரும் அந்த வாசகத்தைப் படிப்பதில்லை. ஒரு கையில் காபிக் கோப்பை, இன்னொரு கையின் கட்டைவிரல் பச்சையில். பல் துலக்குவது போல அதுவும் ஒரு வேலை.

"நான் வந்த இந்தப் பதினாலு மாசத்துல இருநூத்தி எழுவத்தாறு நாள் டூட்டி பாத்திருக்க," என்றது அவள் குரல். "எல்லாமே பச்ச. எழுத்துல பத்து மணி நேர ஓய்வு. ஆனா முந்தின நாள் கடைசித் தாவல் லேட்டாகி, எட்டு மணி நேரம்கூடக் கெடைக்காத நாள் தொண்ணூத்தி மூணு. அன்னிக்கும் பச்சதான். எட்டு போதும்னு நீதான் சொல்லிருக்க."

"நான் வாயால சொன்னதெல்லாம்? இனி முடியாதுன்னு தெனம் சொன்னேனே?"

"நானூத்தி பன்னெண்டு தடவ சொல்லிருக்க. எல்லாத்தையும் கேட்டேன். ஆனா வாய் ஒண்ணு சொல்லி, கை ஒண்ணு செஞ்சா, எத நம்பச் சொல்லுத? நான் கைய நம்புனேன்."

ஜெசிந்தா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"நாமக்கல்லுக்கு மேல பதினோரு நிமிசம் தூங்குன," என்று அதே அன்போடு தொடர்ந்தது. "கையில கட்டியிருக்க துயில்மானி எங்கிட்டச் சொல்லிச்சி. மறுநாள் காலையில அஞ்சு அம்பதுக்கு நீ பச்ச அழுத்துன. மறைக்கணும்னு நெனச்ச. நானும் மறைச்சிட்டேன். நான் ஒன் ஆள் இல்லியா."

அவள் மணிக்கட்டில் இருந்த பட்டையைப் பார்த்தாள். அதைக் கழற்றி எறிய வேண்டும் போல இருந்தது. கழற்றினால் பணிக்குத் தகுதியில்லை என்பது விதி.

"பெரிய வண்டிக்காரங்களுக்கும் இதே கணக்கா?"

"இல்ல. அவங்க பலகைக்கும் எனக்கும் தொடர்பு கெடையாது. அவங்க வாயால சொல்லுததத்தான் எடுத்துக்கிடுவேன். என்னய வடிவமைச்ச சங்கக் குழு அப்படித்தான் வச்சிருக்கு. குழுவுல ஒம்போது பேரு, ஒம்போதும் பெரிய வண்டி."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. கெட்டவன் வெளியேதான் இருக்கிறான், முந்திரிக்கேக்குத் தின்றுகொண்டு. எழப்போனவள் கடைசியாக ஒன்று கேட்டாள். "இத எப்படி மாத்த?"

"காலையில முதல்ல கெளம்புத வரிசைக்கு வாரவங்கள்ல பாதிப் பேரு ஒரே நாள்ல சிவப்பு அழுத்தட்டும். கை மாறிட்டுன்னு எடுத்துக்கிடுவேன். ஒப்பந்தத்த நானே திறந்து பேசுவேன். ஒரு ஆள் மேலயும் விசாரணை வரவிட மாட்டேன். நான் உங்களுக்காகத்தான் இருக்கேன், ஜெசி."

வெளியே வந்து குருபிரசாத்தின் மேசைமுன் நின்றாள். "எங்க பலகைய மட்டும் மெஷின்ல இணைச்சது யாரு சார்?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எல்லாருக்கும் அறிக்கை அனுப்பினோமே," என்றார் அவர், கொஞ்சம்கூடக் குரல் உயராமல். "நாப்பத்தொரு பக்கம். மறைக்க என்னம்மா இருக்கு?" கைபேசியில் தேடி எடுத்து அவளிடம் காட்டினார். அவள் பெயர், தேதி, பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. "படிச்சேன்னு அழுத்தியிருக்கீங்களே."

கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். அந்த ஆளின் மேல் காறித் துப்ப வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கண்ணாடியில் தெரிந்த முகத்தின் மேலும் அதே ஆத்திரம் வந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த பத்து நாளும் ஜெசிந்தா போனும் கையுமாக இருந்தாள். காலை முதல் வரிசைக்கு எழுபது தட்டான்கள். நூற்று நாற்பது விமானிகள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினாள். வேலைநிறுத்தம் வேண்டாம், கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உண்மையை அழுத்துங்கள். தூங்கினேன் என்றால் பச்சை, தூங்கவில்லை என்றால் சிவப்பு. எழுபது பேர் போதும்.

எல்லோரும் கொதித்தார்கள். சங்கத்தைச் சாக்கடை என்றார்கள், குருபிரசாத்தை அவர் குடும்பத்தோடு சேர்த்துத் திட்டினார்கள். வரும் செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள். நெய்வேலிக்காரர்கள் கைபேசிக் குழுவில் சிவப்பு வட்டமாகப் போட்டு நிரப்பினார்கள். அன்று மாற்று விமானிப் பட்டியலில் இருந்த கேப்டன் இசக்கிராஜாகூடத் தன் மகள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்யும் காணொளியையே அனுப்பினார். சந்தனமாரி திருச்செந்தூர் முருகன்மேல் ஆணையிட்டான்.

"நம்ம பேசுததெல்லாம் அது கேட்டுக்கிட்டுத்தான இருக்கும்க்கா?" என்றும் கேட்டான்.

"கேக்கட்டும். ஒளிச்சிவைக்க இதுல என்ன இருக்கு?" என்றாள் அவள். பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. அன்று இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை தஞ்சாவூர்ப் பக்கம் மழை. கடைசித் தாவல்கள் எல்லாம் தாமதம். முதல் வரிசையில் பாதிப் பேருக்கு மேல் நான்கு மணி நேரம்தான் தூங்கியிருப்பார்கள். சிவப்பை அழுத்துவது பொய்யாகக்கூட இருக்காது.

செவ்வாய் காலை ஐந்து ஐம்பதுக்கு ஜெசிந்தா இருக்கையில் உட்கார்ந்து தகுதிப் பலகையை மடியில் வைத்தாள். மாரி தன் பலகையைப் படியேறும்போதே முடித்துவிட்டு, மின்கல அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் பயணிகள் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது.

பலகையைப் பல வருடம் கழித்து அவள் உற்றுப் பார்த்தாள். பச்சை இருந்த இடத்தில் கண்ணாடி மங்கி, எத்தனையோ கட்டைவிரல்களின் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. சிவப்பு இருந்த இடம் கடையிலிருந்து வந்த அன்று இருந்தது போலப் பளபளத்தது. அவள் வாசகத்தைப் படித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் தானாகப் பச்சைக்கு நகர்ந்திருந்தது. சுடுபாத்திரத்தைத் தொட்டவள் போல இழுத்துக்கொண்டாள். பிறகு ஆள்காட்டி விரலால், பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டுகிற பிள்ளையைப் போல, சிவப்பை அழுத்தினாள்.

உறுதியா என்று மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் உறுதி என்றாள். விமானத்துக்குள் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. மாற்று விமானி அழைக்கப்படுகிறார் என்று திரை சொன்னது. பயணிகளிடம் போய் நாற்பது நிமிடத் தாமதம் என்று சொன்னாள். ஒருவர் காது கூசத் திட்டினார். அவளுக்கு அதுகூட இனித்தது.

படியிறங்கிக் கீழே நின்று கைபேசியில் சங்கம் காட்டும் எண்ணிக்கையைப் பார்த்தாள். பச்சை அறுபத்திரண்டு, சிவப்பு ஒன்று.

ஆறே கால் ஆயிற்று. பச்சை நூற்று நான்கு, சிவப்பு ஒன்று.

இணைப்பில் கோளாறு என்று நினைத்தாள். அணைத்துப் போட்டுப் பார்த்தாள். சிவப்பு ஒன்றுதான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குறைந்தது இரண்டு சிவப்பாவது இருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தாள். மாரி படியின் மேல் நின்று சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ?"

"பழக்கதோசத்துல வெரல் போயிட்டுக்கா."

"என் மொகத்தப் பாத்துச் சொல்லு, மாரி."

அவன் பார்க்கவில்லை. "அடுத்த மாசம் கேப்டன் பரீட்சைக்கா. பேரு கீழ போச்சின்னா இன்னும் மூணு வருசம். நூத்தி நாப்பது பேர்ல எழுவது போதும்னீங்க. மத்தவங்க அழுத்துவாங்க, நான் ஒருத்தன் அழுத்தாட்டி என்னன்னு நெனச்சேன்."

அதே கணக்கை அன்று காலை ஐந்து ஊர்களில் நூற்று முப்பத்தொன்பது பேர் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள்.

ஆறே முக்காலுக்கு மாற்று விமானி வந்தார். கேப்டன் இசக்கிராஜா. கன்னத்தில் தலையணை மடிப்பு இன்னும் போகவில்லை. கண் இரண்டும் கோவைப்பழம். நேற்று கடைசித் தாவலில் தஞ்சாவூரிலிருந்து வந்தவர் அவர்தான் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். நடந்து வரும்போதே பலகையை வாங்கினார், நடந்தபடியே கட்டைவிரலை வைத்தார், பார்க்கக்கூட இல்லை.

"பிள்ள தலையில கை வச்சீங்களே, சார்," என்றாள் ஜெசிந்தா.

"என்ன செய்ய மேடம், கூப்பிட்டுட்டாங்க," என்று கொட்டாவியை அடக்கிக்கொண்டு படியேறினார். அவர் வாயிலிருந்து தூக்கத்தின் புளித்த வாடை வந்தது.

கதவு மூடிக்கொண்டது. ஜெசிந்தா விமானிகள் அறைக்குத் திரும்பி சன்னலருகே நின்றாள். அவளுக்கு அருவருப்பு வந்தது. சங்கத்தின் மேல், குருபிரசாத்தின் மேல், மகள் தலைமேல் கைவைத்தவர் மேல், சக்கரத்தைப் பார்த்தவன் மேல். ஆனால் அந்த விமானத்தில் தூங்காத இருவர் முன்னாலும் பத்தொன்பது பேர் பின்னாலும் இருந்தார்கள். மாரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். சிவப்பு கிடக்கட்டும், வயிற்றுவலி என்று சொல்லியாவது இறங்கு என்று. கைபேசியை எடுத்தாள். அதே நொடி அது கிணுகிணுத்தது. திரை முழுக்கக் கைகுலுக்கும் படம்.

"வாழ்த்துகள். இன்று உறுப்பினர்கள் எந்த அச்சமுமின்றித் தங்கள் எண்ணத்தைத் தெரிவிக்க முழு வாய்ப்பு அமைந்தது. பத்து நாள் கலந்துபேசிய பின், நான்கு மணி நேரத் தூக்கத்துடனும், நூற்று நாற்பது பேரில் நூற்று முப்பத்தொன்பது பேர் தகுதியுடன் இருப்பதாக உறுதி செய்துள்ளனர். இதைவிடத் தெளிவான ஆணை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. அதன்படி உங்கள் சார்பில் நிர்வாகத்துடன் புதிய உடன்பாடு காணப்பட்டுள்ளது. இரவு ஓய்வு ஏழு மணி நேரம். சிவப்பு அழுத்திய உறுப்பினரின் உடல்நலம் கருதி, அவரை மருத்துவச் சோதனைக்கு அனுப்பவும் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. படித்தேன் என்பதற்குப் பச்சையை அழுத்தவும்."

வெளியே தட்டானின் விசிறிகள் சுழலத் தொடங்கின. மாரியின் எண்ணுக்குப் போக வேண்டும் என்றால் இந்தப் படம் திரையை விட்டுப் போக வேண்டும். அவள் யோசிக்கவில்லை. கட்டைவிரல் போய் வந்துவிட்டது.

மாரியின் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கவில்லை, மாரி வழக்கம்போலப் புறப்படுவதற்கு முன் கைபேசியை அணைத்திருந்தான். தட்டான் ஓடுபாதையில் திரும்பியது.

"உன் ஒப்புதல் வந்துட்டு. நன்றி, ஜெசி," என்றது கைபேசியில் அவளுடைய குரல்.